கறையும் கரையும்

பீடோருக்கும் சிலிம் ரிவருக்கும் இடையே, பழைய நெடுஞ்சாலையை ஒட்டிக் கிடக்கும் சிற்றூர் சுங்காய். பத்தாங் பாடாங் மாவட்டத்தின் பிற ஊர்களைப் போலவே இதனையும் ஒரு காலத்தில் பால்மரக் காடுகள் சூழ்ந்திருந்தன. இன்று அவற்றுள் பெரும்பகுதி செம்பனையாகிவிட்டது. விடியுமுன் பெரட்டுக்கு நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் தாமான் வீடுகளுக்கும், ஈப்போ, கோலாலம்பூர் முதலிய நகரங்களின் தொழிற்சாலைகளுக்கும் சிதறிவிட்டனர். லயங்கள் மறைந்தன, லயத்து வாழ்வோடு ஒட்டியிருந்த பலவும் உடன் மறைந்தன. கோயில் இடம்பெயர்ந்தபோது கவலைப்பட்டோர் உண்டு. பள்ளி மூடப்பட்டபோது போராடியோர் உண்டு. தோட்டத்துக் கிறித்தவத் தமிழன் பாடிக்கொண்டிருந்த பாட்டு அவன் வாயிலிருந்தே உதிர்ந்துபோனதைப் பற்றி மட்டும் யாரும் பெரிதாக வருந்தியதாகத் தெரியவில்லை. அவனே வருந்தவில்லை என்பதுதான் இதில் வியப்பு.

தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்த கிறித்தவன் வெறுங்கையோடு வரவில்லை. செபமாலையையோ வேதப் புத்தகத்தையோ கொண்டுவந்தவன் அதனோடு கீர்த்தனைகளையும், ஞானசௌந்தரி போன்ற நாடகக் கதைகளையும், ஒப்பாரியையும் தாலாட்டையும் கொண்டுவந்தான். ஆர்மோனியப் பெட்டியும் தாளமும் இருந்தால் கிறித்து பிறப்பு இரவு தோட்டம் முழுவதற்கும் பொது இரவாகிவிடும். பக்கத்து வீட்டு இந்துவும் திண்ணையில் வந்து அமர்வான். முறுக்கும் அதிரசமும் வரிசை பாராமல் பரிமாறப்படும். அவ்விரவுகளில் பாட்டைக் கேட்டு மதம் மாறியவர் எவரும் இலர். மனம் இளகியவர் பலர்.

அந்தப் பாட்டின் இடத்தில் இன்று ஒரு கொள்கை வந்து குந்தியிருக்கிறது. மீட்கப்பட்டவனுக்குக் கதை எதற்கு, கவிதை எதற்கு, கூத்து எதற்கு என்று கேட்கும் கொள்கை அது. கம்பனைத் தொடுவது விக்கிரக ஆராதனை. சிலம்பைப் படிப்பது வீண் பொழுது. மகளைப் பரதம் பயில விடுவது பாவத்துக்கு வாசல் திறப்பது. பொங்கல் வைப்பது சூரிய வணக்கம். வாசலில் கோலமிடுவது அஞ்ஞானம். இவற்றையெல்லாம் விலக்கிய பின் எஞ்சுவதே தூய விசுவாசம் என்று பேசுவோர் சிறு சிறு சபைகளில் மட்டுமல்லர், பழைய திருச்சபைகளின் இருக்கைகளிலும் அமர்ந்திருக்கின்றனர். இவர்களுடைய பக்தியை ஐயுற வேண்டியதில்லை. இவர்களுடைய வாதத்தை ஐயுறத்தான் வேண்டும்.

இக்கொள்கை வேதத்திலிருந்து பிறந்ததாகச் சொல்லப்படுகிறது. வேதத்தைத் திறந்து பார்ப்போருக்கு அங்கே காணக் கிடைப்பது வேறு. சங்கீதங்கள் என்னும் 150 பாடல்கள் அதன் நடுப்பகுதியில் வீற்றிருக்கின்றன. அவற்றுள் இறுதிப் பாடல் எக்காளம், யாழ், மத்தளம், குழல், கைத்தாளம் என்று கருவிகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அழைக்கிறது. யோபுவின் நூல் தொடக்கமும் முடிவும் நீங்கலாகச் செய்யுளால் ஆன மாபெரும் வழக்காடல். உன்னதப் பாட்டு, அகத்துறை பயின்ற எந்தத் தமிழனுக்கும் வேற்றுப் பொருளாகத் தோன்றாத காதற் செய்யுள். நாசரேத்தூர்த் தச்சர் மகனோ தம் போதனையில் பெரும்பகுதியைக் கதையாகவே சொன்னார். விதைக்கச் சென்றவன், காணாமற்போன காசைத் தேடி வீடு பெருக்கிய பெண், மாவில் புளிப்பைப் பிசைந்தவள், பன்றி மேய்த்துப் பட்டினி கிடந்த இளைய மகன் ஆகியோர் அனைவரும் புனைவுப் பாத்திரங்களே. கதை வீண் என்றால் இவர்களை எங்கே வைப்பது? பவுல் அடிகள் ஏதென்சு நகரில் நின்று பேசியபோது எபிரேயத் தீர்க்கதரிசிகளை மேற்கோள் காட்டவில்லை. அந்நாட்டுக் கவிஞரின் வாக்கையே எடுத்தாண்டார். அக்கவிஞர் பாடியது சீயுசு என்னும் கிரேக்கத் தெய்வத்தைப் பற்றி என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தே எடுத்தாண்டார்.

அச்சத்துக்குக் காரணமே இல்லை என்று கூறிவிடவும் முடியாது. பாட்டு மயக்கும், கதை ஏமாற்றும். இவ்வச்சத்தை நேர்மையாக எண்ணிப் பார்த்தவர் அகுஸ்தினார். அவர் காலம் 354 முதல் 430 வரை. ஆலயப் பாடலைக் கேட்டுக் கண்ணீர் விட்ட அவர், பாடற்பொருளினும் பண்ணே தம்மை ஈர்த்துவிடுகிறதோ என்று தம் ஒப்புதல் நூலில் கலங்குகிறார். பாட்டை அறவே விலக்கிவிடலாமா என்றும் ஒரு கணம் நினைக்கிறார். பின் வேண்டா என்று முடிவு செய்கிறார். வலுவற்ற மனமும் செவியின்பத்தின் வழியே பக்திக்கு உயரும் என்பது அவர் கண்ட காரணம். 1600 ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆயர் இத்தனை நுட்பமாக எடை போட்ட ஒன்றை, இன்று ஒலிபெருக்கி முன் நிற்பவர் ஒரே மூச்சில் தள்ளிவிடுகிறார்.

அயல்நாட்டுச் சான்றுகள் போதும். தமிழ்நாட்டிலேயே இவ்வழக்கு ஒருமுறை முழுமையாக நடந்திருக்கிறது. அதைச் சற்று விரிவாகவே நோக்குதல் தகும்.

தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் 1774இல் நெல்லையில் பிறந்தவர். சுவார்ச்சு ஐயர் அவரைச் சிறுவயதிலேயே தஞ்சைக்கு அழைத்துச் சென்று வளர்த்தார். பின்னாளில் மன்னரான இரண்டாம் சரபோசி அவருக்கு இளமைத் தோழர். அரண்மனைகளிலும் கோயில்களிலும் குறவஞ்சி புகழ் பெற்றிருந்த காலம் அது. அந்த வடிவத்தையே எடுத்துப் ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடினார் சாஸ்திரியார். குறத்தி குறி சொன்னாள். தலைவி மட்டும் சீயோன் மகளானாள். சிற்றிலக்கிய மரபு அவரைப் புறந்தள்ளவில்லை. கிறித்தவமும் அந்த மரபால் கறைபடவில்லை.

1820களில் புதிய மிஷனரிமார் சிலர் வந்து சேர்ந்தனர். முன்னவர் பொறுத்துக்கொண்டவற்றைப் பின்னவர் பொறுக்கவில்லை. சாஸ்திரியார் அவர்கள் மீது நான்கு குற்றங்களைச் சாட்டி எழுதினார். பழகிப்போன வேத மொழிபெயர்ப்பை மாற்றுகின்றனர் என்பது ஒன்று. மணவினையிலும் பிற சடங்குகளிலும் மலரை விலக்குகின்றனர் என்பது ஒன்று. ஆராதனையில் தமிழிசையை விலக்குகின்றனர் என்பது ஒன்று. எஞ்சிய ஒன்று, திருவிருந்தில் எல்லாச் சாதியாரையும் ஒன்றாக்குகின்றனர் என்பது.

இந்த நான்காவதைச் சாஸ்திரியாரின் புகழ் பாடுவோர் பெரும்பாலும் விழுங்கிவிடுவர். விழுங்கக் கூடாது. தமிழிசைக்காகப் போராடிய அதே எழுதுகோல் ஆலயத்துக்குள் சாதிப் பிரிவு நீடிக்கவும் வாதாடியது. இதில் மிஷனரிமார் பக்கமே நீதி இருந்தது. ஒரே கிண்ணத்தில் பருக மறுப்பவனுக்கு அந்த விருந்தின் பொருளே விளங்கவில்லை எனலாம். ஆனால் மிஷனரிமாரும் ஒரு பிழை செய்தனர். சாதியையும் சாமந்தியையும் ஒரே மூட்டையில் கட்டி வெளியே எறிந்தனர். சாஸ்திரியாரும் அதே பிழையை மறுபுறமிருந்து செய்தார். இசையைக் காக்கும் வேலிக்குள் சாதியையும் சேர்த்துக் காக்க முற்பட்டார். எது மனிதனை இழிவு செய்கிறது, எது அவனை அழகு செய்கிறது என்று பிரித்தறிய இரு தரப்புக்கும் பொறுமை இல்லை. எலிக்கு அஞ்சி வீட்டைக் கொளுத்துவோர் ஒருபுறம். வீட்டின் மீதுள்ள பற்றால் எலியையும் வளர்ப்போர் மறுபுறம்.

இவ்வழக்குக்கும் சுங்காய்க்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். மலாயாத் தோட்டங்களுக்கு வந்தவர்களுள் பெருந்தொகையினர், சாஸ்திரியார் தமக்கு அருகில் அமரவிட விரும்பாத குலத்தவர். அவர்களுடைய இசை கீர்த்தனை மட்டுமன்று. பறையும் தெம்மாங்கும் ஒப்பாரியுமே அவர்களுடைய உயிரிசை. அந்தப் பறையைச் சாவுமேளம் என்று மேற்குலத்து இந்துவும் விலக்கினான். பேய்மேளம் என்று படித்த கிறித்தவனும் விலக்கினான். மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றி 2005இல் மறைந்த தியாபிலஸ் அப்பாவு இந்த இரட்டைப் புறக்கணிப்பை எதிர்த்தவர். பரட்டை என்று தம்மை அழைத்துக்கொண்ட அவர், நாட்டுப்புற மெட்டிலும் பேச்சுத் தமிழிலும் வழிபாட்டுப் பாடல்களை அமைத்தார். கருநாடக இராகத்தில் அமைந்த கீர்த்தனை மட்டுமே தூயது என்பதும் ஒரு சாதிப் பார்வைதான் என்று அவர் கருதினார். கலை வேண்டும் என்று வாதாடுவோர் இதையும் சேர்த்தே ஏற்க வேண்டும். கீர்த்தனையை மட்டும் மீட்டுக்கொண்டு பறையைக் கோயிலுக்கு வெளியிலேயே நிறுத்தினால் அது பாதி நீதி.

தமிழ்க் கிறித்தவர் செய்த பெரும் இலக்கியப் பணிகளை இங்கே முழுதும் விரிக்க வேண்டியதில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டியவை அவை. இத்தாலியில் 1680இல் பிறந்த வீரமாமுனிவர் வளனாரைக் காப்பியத் தலைவராக்கி 3615 பாடல்களில் தேம்பாவணி பாடினார். 1732இல் சதுரகராதி தொகுத்தார். 1827இல் வைணவக் குடியில் பிறந்த கிருஷ்ண பிள்ளை, பன்யன் எழுதிய ஆங்கிலக் கதையைத் தழுவி 1894இல் இரட்சணிய யாத்திரிகத்தை வெளியிட்டார். கம்பனைக் கரைத்துக் குடித்திராவிட்டால் அந்த நூல் பிறந்திராது. சித்த மருத்துவர் ஆபிரகாம் பண்டிதர் தம் பொருளைச் செலவிட்டு 1912 தொடங்கித் தஞ்சையில் இசை மாநாடுகள் கூட்டினார். 1917இல் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை வெளியிட்டார். இவர்களுள் எவரும் விசுவாசத்தில் குறைந்தவர் என்று சொல்ல இன்றைய தூய்மைவாதிகளுக்கும் துணிவு வராது. ஆனால் இவர்கள் இன்று சுங்காயில் வந்து அமர்ந்தால், கம்பன் படித்த குற்றத்துக்காக அவர்களுக்காகச் சிறப்புச் செபம் செய்யப்படலாம்.

பொட்டும் சந்தனமும் பற்றிய வாதமும் புதிதன்று. 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் என்னும் தெ நோபிலி, சந்தனமும் குடுமியும் சமய அடையாளமா சமூக வழக்கமா என்ற வழக்கை உரோமாபுரி வரை கொண்டுசென்றார். 1623இல் திருத்தந்தை அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். 18ஆம் நூற்றாண்டில் உரோமை தன் மனத்தை மாற்றிக்கொண்டதும், 20ஆம் நூற்றாண்டில் மீண்டும் தளர்த்தியதும் உண்டு. 1969இல் இந்தியக் கத்தோலிக்க வழிபாட்டில் குத்துவிளக்கும் ஆரத்தியும் முறையாகவே இடம்பெற்றன. உரோமையின் தீர்ப்பு தங்களைக் கட்டாது என்பர் பிற சபையார். அவர்களுக்குப் பவுல் இருக்கிறார். படையலிட்ட உணவைப் பற்றிக் கொரிந்தியர் கேட்டபோது அவர் சொன்ன விடையின் சாரம், பொருளில் தீட்டில்லை, அயலானின் மனச்சான்றை மட்டும் கருதுக என்பதே. அரிசி மாவில் இட்ட கோலத்தை எறும்பு தின்னும். அதில் எந்தத் தெய்வம் குடியிருக்கிறது? அறுவடை இல்லாத நாட்டில் பொங்கல் எதற்கு என்று கேட்டால் அதிலாவது சிறிது நியாயம் உண்டு. நன்றி சொல்வது அஞ்ஞானம் என்று கேட்பதில் நியாயமே இல்லை.

இனி இக்கொள்கையின் பெரிய வேடிக்கையைக் காண்க. முன்வாசல் வழியாக வந்த தேம்பாவணியைத் தடுத்து நிறுத்தியவர்கள், பின்வாசல் வழியாக எதை உள்ளே விட்டனர்? திரைப்பட மெட்டை. நேற்று வெளிவந்த படத்தின் தாளக்கட்டு, நாளை மறுநாள் கீபோர்டில் ஏறித் துதிப்பாடலாகிவிடுகிறது. மேடையமைப்பு, வண்ண விளக்கு, பாடகரின் உடல் அசைவு, அவர் கூட்டத்தை நோக்கிக் கைதட்டக் கேட்கும் முறை யாவும் கலைநிகழ்ச்சிகளிலிருந்து வந்தவை. சிலப்பதிகாரம் உலகத்துக்குரியதென்றால் திரைப்பாட்டு மட்டும் பரலோகத்திலிருந்து இறங்கியதோ? கலையை விலக்கிவிட்டோம் என்று நினைப்பவர் உண்மையில் நல்ல கலையை மட்டுமே விலக்கியிருக்கிறார். மனிதன் இருக்கும் இடத்தில் கலை இல்லாமல் இராது. தேர்ந்தெடுக்க மறுப்பவனுக்குக் கிடைப்பது சந்தையில் மலிவானது.

திரைப்படத்தையே பழிப்பது இங்கு நோக்கமன்று. 1948இல் வெளிவந்த ‘ஞானசௌந்தரி’ ஒரு கத்தோலிக்கக் கதை. அதற்கு முன்பே நவாப் இராசமாணிக்கம் அதை மேடையேற்றிப் புகழ் பெற்றிருந்தார். அவருடைய குழு இயேசுநாதர் நாடகத்தையும் நடத்தியது. அவர் இந்து, அவருடைய கொட்டகையில் கூடியவர்களுள் பெரும்பாலோரும் இந்துக்கள். நல்ல கலைக்கு அந்த வலிமை உண்டு.

ஆயினும் மெட்டும் மேடையும் பெரிய இழப்பல்ல. மெட்டு மாறும், மீண்டும் மாறும். மாறினால் மீளாத ஒன்று உண்டு. அது எழுத்து.

பல ஆலயங்களில் இன்று தமிழ்ப்பாடல்கள் திரையில் காட்டப்படுகின்றன. காட்டப்படும் எழுத்தோ உரோமன். பாட்டுப் புத்தகங்களும் அவ்வாறே அச்சாகின்றன. தமிழ் படிக்கத் தெரியாத இளையோரும் பாட வேண்டாமா என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். காரணம் கனிவானது, விளைவு கொடியது. உரோமன் எழுத்தில் ரகரமும் றகரமும் ஒன்று. லகரமும் ளகரமும் ஒன்று. பெரும்பாலும் ழகரமும் அவற்றோடு ஒன்றிவிடும். னகரமும் ணகரமும் ஒன்று. குறிலும் நெடிலும் பலவேளை ஒன்று. கிறித்தவனுடைய பாட்டில் இதனால் நேர்வது என்ன? பாவத்தின் கறை, கடலின் கரையாகிவிடும். அவர் நமக்காகப் பலியானார் என்று பாட வேண்டியவன் பழியானார் என்று பாடினாலும் திரையில் வேறுபாடு தெரியாது. வழி என்பது வலியாகும், வலி வளியாகும். அறம் அரமாகும். வீடு என்பது விடுதலையைக் குறிக்கும் சொல்; நெடில் இழந்து விடு என்று நிற்கும். அவர் பட்ட பாடுகளைத் தியானிக்க வேண்டிய தவக்காலத்தில் பாடு என்பதும் படு என்பதும் ஓர் உருவில் நிற்கும். பொருளறியாமல் உச்சரிப்பதை மந்திரம் என்று பழித்தவர்கள், தங்கள் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்திருப்பது எது?

இதில் வரலாற்றின் எள்ளல் ஒன்றும் உண்டு. தமிழ்மொழி முதன்முதலில் அச்சேறியது 1554இல், லிசுபன் நகரில். மூன்று தமிழ்க் கிறித்தவர் உதவியுடன் உருவான அந்தச் சிறு செப நூலில் தமிழ் உரோமன் எழுத்தில்தான் அச்சிடப்பட்டது. தமிழ் அச்சு அப்போது இல்லை. அந்நிலையை ஏற்க மனமின்றி அண்டிரிக் அடிகள் முயன்றார். 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்திலேயே வெளிவந்தது. 16 பக்கம்தான், ஆனால் இந்திய மொழி எழுத்துகளில் அச்சான நூல்களுள் இன்று கிடைப்பவற்றில் அதுவே முதலாவது. உரோமன் எழுத்திலிருந்து தமிழ் எழுத்துக்கு வர அவர்களுக்கு 24 ஆண்டுகள் ஆயின. ஓலைச்சுவடியில் எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் மயங்குகின்றனவே என்று வருந்தி வரிவடிவத்தைத் திருத்தியவர் வீரமாமுனிவர். அயல்நாட்டார் பிரித்துத் தந்த எழுத்தைத் தமிழர் பெற்ற பிள்ளைகள் மீண்டும் 26 எழுத்துக்குள் திணித்து, 1554க்குத் திரும்பிக்கொண்டிருக்கின்றனர்.

இப்பழைய நூல்களை ஐரோப்பிய நூலகங்களில் தேடித் தமிழறிஞர்க்கு எடுத்துக்காட்டியவர்களுள் முதன்மையானவர் தனிநாயக அடிகள். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் குருவான அவர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் பேராசிரியராய் இருந்தபோது 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கூட்டினார். அதே ஆண்டில், 1679இல் அச்சான தமிழ்–போர்த்துகீசிய அகராதியையும் மறுபதிப்பித்தார். மலேசியத் தமிழரின் பெருமைகளைப் பட்டியலிடும் எவரும் அந்த மாநாட்டை மறப்பதில்லை. அதைக் கூட்டியவர் மேல் அங்கி அணிந்த பாதிரியார் என்பதை மலேசியக் கிறித்தவ இளைஞர் எத்தனை பேர் அறிவர்?

திரையில் உரோமன் எழுத்து ஏன் வந்தது என்ற வினாவை ஆலயத்துக்குள்ளேயே விடுவிக்க முடியாது. பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகிறது என்பதில் அதன் விடை இருக்கிறது. 1957இல் இந்நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 500க்குச் சற்று மேல். தோட்டங்கள் துண்டாடப்பட்டதும் மக்கள் பெயர்ந்ததும் முதற் காரணங்கள். ஆனால் கிறித்தவக் குடும்பங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. மிஷன் பள்ளிகள் ஆங்கிலப் பள்ளிகளாய் இருந்தன. ஈப்போவில் 1895இல் தொடங்கிய ஆங்கிலோ சீனப் பள்ளியும், 1912இல் தொடங்கிய செயின்ட் மைக்கேல் பள்ளியும் பல தலைமுறைகளை ஆளாக்கின, அது மறுக்கத்தக்கதன்று. கிராணி மகனும் ஆசிரியர் மகனும் அங்கே போனார்கள். வெட்டுத் தொழிலாளி மகன் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்குப் போனான். இதனால் ஆங்கிலம் ஏற்றத்தின் மொழி, தமிழ் லயத்தின் மொழி என்ற எண்ணம் ஊறிப்போயிற்று. 1970 முதல் ஆங்கிலத் தொடக்கப்பள்ளிகள் படிப்படியாக மலாய்மொழிப் பள்ளிகளாயின. போன காரணம் அன்றோடு நீங்கியது. போகும் பழக்கம் மட்டும் நீங்கவில்லை. ஞாயிறன்று தமிழில் ஆராதனை வேண்டும் என்று கேட்கும் பெற்றோர், திங்களன்று பிள்ளையைத் தமிழ் எழுத்தே இல்லாத பள்ளிக்கு அனுப்புகின்றனர். இருபது ஆண்டு கழித்துத் திரையில் உரோமன் எழுத்து ஏறும்போது காலத்தைக் குறை கூறுகின்றனர்.

இத்தனையும் கிறித்தவர் மேல் சுமத்திவிட்டுத் தமிழ் எழுத்தாளர் கைகழுவிவிட முடியாது. எழுத்தாளர் கூட்டங்களில் கம்பனுக்கு விழா உண்டு, வள்ளுவனுக்கு விழா உண்டு. தேம்பாவணிக்கும் சீறாப்புராணத்துக்கும் எப்போதாவது ஒரு நாற்காலி போடப்பட்டால் அது மத நல்லிணக்கம் என்ற பெயரில், ஒரு மரியாதைக்காகவே போடப்படுகிறது. இலக்கியம் என்ற உரிமையில் அன்று. கிறித்தவன் எழுதினால் அது பிரசாரம் என்ற ஐயம் பலருக்கு உண்டு. தேவாரம் பிரசாரம் இல்லையா? மணிமேகலை எந்தச் சமயத்தைச் சொல்ல எழுந்தது? சைவ நெறியில் ஊறிய உ.வே. சாமிநாதையர் சமண நூலான சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பிக்கும்போது, சமணர் வீடுகளுக்குச் சென்று பொருள் கேட்டு எழுதினார். 1820இல் பிறந்த போப் ஐயர், தம் 80ஆம் வயதில் திருவாசகத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1981இல் மறைந்த கண்ணதாசன் தம் இறுதிக்காலப் பெரும்பணிகளுள் ஒன்றாக இயேசு காவியத்தைப் பாடி முடித்தார். இம்மூவரும் அயலான் நூலை அயலானுக்காகச் செய்யவில்லை. தம் மொழியின் அல்லது தாம் நேசித்த மொழியின் செல்வமாகக் கருதியே செய்தனர்.

கிறித்தவ எழுத்து என்ற பெயரில் இன்று வெளிவருவனவற்றுள் பெரும்பகுதி படிக்கத் தக்கதாக இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆங்கிலத் துண்டு வெளியீட்டைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்த நடை. ஒருவகைப் பழைய வேதத்தமிழை மட்டும் தூக்கி வைத்து ஒட்டிய வாக்கியம். 1995இல் கத்தோலிக்கரும் பிற சபையாரும் இணைந்து திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பை வெளியிட்டனர். பல வீடுகளில் அது இன்னும் ஐயத்துடனேயே பார்க்கப்படுகிறது. சுவிசேஷம் நற்செய்தி ஆனதில் ஏதோ ஒன்று குறைந்துவிட்டதாம். சொல் பழகியதால் புனிதமாகிவிட்டது என்று கருதுவது சாஸ்திரியார் காலத்துப் பழைய வழக்கின் எச்சம். தோட்டத்து வாழ்வை, குடியை, கூலியை, பிள்ளைகள் சிதறியதை, முதியவர் தனித்ததை விசுவாசக் கண்ணோடு எழுதிய சிறுகதை ஒன்றாவது மலேசியக் கிறித்தவத் தமிழரிடமிருந்து வர வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை. பால்மரத்தையும் பனிமூட்டத்தையும் அறியாத கிறித்தவ எழுத்து, பெத்லகேமை மட்டும் எப்படி அறியும்?

பிள்ளைகளுக்கு நேரமில்லை என்பது இறுதியாகச் சொல்லப்படும் மறுப்பு. தனி வகுப்பு, கராத்தே, நீச்சல் என்று வாரம் முழுவதும் ஓடும் பிள்ளைக்குத் தமிழ் எழுத்து எப்போது கற்பிப்பது? கணக்குப் பார்த்தால் மறுப்பு நிற்காது. தமிழ் எழுத்து 247 என்று அஞ்சுவோர் உண்மையில் கற்க வேண்டியவை 12 உயிர், 18 மெய், ஆய்தம் ஒன்று, சில துணைக்குறிகள். தமிழ்ப்பள்ளி முதலாம் ஆண்டுப் பிள்ளை சில மாதங்களில் இவற்றைக் கடந்துவிடுகிறது. ஞாயிறு பள்ளியும் மறைக்கல்வி வகுப்பும் ஒவ்வோர் ஆலயத்திலும் நடக்கின்றன. அவற்றில் அரை மணியை எழுத்துக்கு ஒதுக்கினால் ஓர் ஆண்டில் 25 மணி நேரம் கிடைக்கும். கற்பிக்க ஓய்வுபெற்ற தமிழாசிரியர் சுங்காய் வட்டாரத்திலேயே உண்டு, கேட்டால் வருவர். புத்தகம் வாங்கவும் வேண்டியதில்லை. அன்று காலை பாடப்போகும் பாட்டையே பலகையில் எழுதிக்கொள்ளலாம். முதல் வாரத்தில் ரகரத்தையும் றகரத்தையும் அடுத்தடுத்து எழுதி, கரை எது, கறை எது என்று பிள்ளைகளையே சொல்லச் சொல்லலாம். இரண்டாம் வாரத்துக்குப் பலியும் பழியும் இருக்கின்றன.